முதல் வரியில் இருந்தவர்

நவம்பர் 19, ஞாயிறு

விடிந்ததிலிருந்து ஒரே மழை. சர்ச்சுக்குப் போகவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மின்சாரம் மத்தியானமே போய்விட்டது. இன்வெர்ட்டரில் லேப்டாப்பும் போனும் மட்டும் ஓடுகின்றன. இட்லி மாவு புளிப்பதற்குள் தீர்த்துவிடலாம் என்று தோசை சுட்டேன். தட்டில் அடுக்கிய பிறகுதான் பார்த்தேன், இரண்டு பேருக்குச் சுட்டிருக்கிறேன். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஆலடிக்குளத்தில் குளக்கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாகச் செய்தி. அங்கே எனக்குத் தெரிந்தவர் என்றால் ஜெபசிங் ஒருவர்தான். பஜாரில் கீழே அவருடைய பேக்கரி, தங்குவது மாடியில். மாடியில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

நவம்பர் 20, திங்கள்

அலுவலக வேலை ஓடவில்லை. கம்பெனியில் எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், பாதிப் பேருக்கு இணையம் இல்லை. மத்தியானம் எங்கள் சர்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஆலடிக்குளம் சுற்றுவட்டாரத்தில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. முகாம்கள் நாலு இடத்தில் நடக்கின்றன. ஒரு முகாமில் இருப்பவர் பெயர் அடுத்த முகாமுக்குத் தெரிவதில்லை. காணாமல் போனவர்களை ஒரே இடத்தில் பதிவு செய்ய ஒரு வலைப்பக்கம் யாராவது செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

நான் செய்கிறேன் என்றேன். எப்படியும் சும்மாதான் இருக்கிறேன்.

ஆலடிக்குளம் பள்ளிக்கூட முகாமைப் பார்த்துக்கொள்பவர் கதிரேசன், அங்கே விளையாட்டு வாத்தியார். போனில் பேசினோம். "மேடம், நம்மகிட்ட கம்ப்யூட்டர்லாம் கெடையாது. போன்ல பாத்து, ஒரே அமுக்குல முடியிற மாதிரி குடுத்தீங்கன்னா போதும்" என்றார். அதைத்தான் நானும் நினைத்திருந்தேன்.

நவம்பர் 21, செவ்வாய்

பக்கம் காலையில் வெளியே போய்விட்டது. ஒவ்வொரு வரியிலும் காணாமல் போனவரின் பெயர், ஊர், தேடுகிறவரின் போன் நம்பர். வரியின் கடைசியில் 'கிடைத்துவிட்டார்' என்று ஒரு பச்சை பட்டன். முகாமில் இருப்பவர்கள் அதை அமுக்கினால், தேடுகிற வீட்டுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகும், அந்தப் பெயர் பட்டியலிலிருந்து விலகும். 'சோதனை' என்று ஒரு பொய்ப் பெயரைப் போட்டு, என் நம்பரைக் கொடுத்து அமுக்கிப் பார்த்தேன். செய்தி வந்தது.

முதலில் பதிவானவர் மாசானமுத்து, கீழக்காலங்கரை, ட்ராக்டர் டிரைவர். தேடுபவர் மனைவி சுடலைவடிவு. அதன் பிறகு பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

சாயங்காலம் தேடல் பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பெயரைத் தட்டினேன். வேலை செய்கிறது. ஜெபசிங், ஆலடிக்குளம் பஜார், பேக்கரி. தேடுபவர்: மனைவி. நம்பர் என்னுடையது.

நான் பதியவில்லை.

நவம்பர் 22, புதன்

அத்தைதான் யாரிடமோ சொல்லிப் பதிய வைத்திருக்கிறார். ஜெபசிங்கின் அம்மா, மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் அவரே போன் செய்தார். பேசி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

"என் நம்பரைப் போட்டிருக்கலாம் பியூலா. எனக்கு இந்த மெசேஜெல்லாம் பார்க்கத் தெரியாது. அதான் உன் நம்பரைச் சொன்னேன். கோவிச்சுக்காத."

"அதுல என்ன இருக்கு அத்தை."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேசினான். மாவு மூட்டையெல்லாம் மேல ஏத்தணும்னான். அதுக்கப்புறம் போன் போகலை."

"டவர் இருக்காது. மாடியிலதான இருக்காரு."

"நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார் அத்தை. சாப்பிட்டேன் என்றேன்.

ஜெபசிங் வேலையை விட்டுவிட்டு ஆலடிக்குளத்தில் பேக்கரி தொடங்கியபோது என்னையும் வரச் சொன்னார். நான் வரமாட்டேன் என்றேன். பல தடவை கூப்பிட்டார், பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நடந்தது இவ்வளவுதான். இதில் பெரிதாக எழுத ஒன்றுமில்லை.

இன்று நல்ல செய்தி. காலையில் பட்டியலின் முதல் பெயரே விலகியது. மாசானமுத்து கிடைத்துவிட்டார். மாலைக்குள் இன்னும் இரண்டு பேர். குழுவில் எல்லோரும் கைதட்டல் போட்டார்கள். படகில் தேடப் போகிறவர்களும் இந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறார்களாம். கிடைத்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்களைத் தேடுகிறார்கள். நாள் முழுக்க ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன். காதை விட்டு எடுக்கவே நேரமில்லை. அதனால்தான் போனைக் குளிக்கும்போதும் குளியலறை ஜன்னலில் வைத்திருந்தேன். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

கொடியில் போட்ட துணி மூன்றாவது நாளாகக் காயவில்லை.

நவம்பர் 23, வியாழன்

கதிரேசன் சார் போன் செய்தார். உடனே ஆலடிக்குளம் கிளம்புகிறேன். திரும்பி வந்து எழுத வேண்டும்.

நவம்பர் 24, வெள்ளி

இன்னும் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கதிரேசன் கேட்டது இதுதான்: "மேடம், சுடலைவடிவுன்னு ஒரு அம்மா வந்து உக்காந்திருக்காங்க. வீட்டுக்காரர் கிடைச்சிட்டாருன்னு மெசேஜ் வந்துச்சாம். மாத்துச் சட்டையோட வந்திருக்காங்க. அப்படி ஒருத்தர் நம்ம முகாம்ல இல்லையே?"

வேறு முகாமில் இருப்பார், கேட்டுப் பாருங்கள் என்றேன்.

"கேட்டுட்டேன். மூணு முகாம்லயும் இல்ல. நேத்து பட்டன் அமுக்குனது நான் மட்டும்தான். மூணு பேருக்கு அமுக்குனேன். ஒண்ணு தெய்வானைன்னு ஒரு பாட்டி, ஒண்ணு காலேஜ் பொண்ணு. மொதல்ல அமுக்குனது இங்க சமையல்ல நிக்காரே, பேக்கரிக்காரர், அவருக்கு."

"பேரு?"

"ஜெபசிங்."

நான் பட்டியலைத் திறந்தேன். ஜெபசிங் பெயர் அப்படியே இருந்தது. தெய்வானை இருந்தார். அந்தப் பெண்ணும் இருந்தாள். கிடைத்தவர்கள் மூன்று பேரும் காணாமல் போனவர்களாகவே இருந்தார்கள். விலகியிருந்தது பட்டியலின் தலையில் இருந்த முதல் மூன்று பெயர்கள்.

பக்கத்தின் வார்ப்பான டெம்ப்ளேட்டைத் திறந்த உடனே தெரிந்துவிட்டது. பட்டியலின் வரிகளை நாம் ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. ஒரு வரியை மட்டும் எழுதி, இத்தனை பெயருக்கும் இதையே திருப்பித் திருப்பிப் போடு என்று ஒரு லூப்புக்குள் வைப்போம். அந்த ஒரு வரியில் ஆளின் பதிவு எண்ணை ஒரு பெட்டியில் மறைத்து வைத்து, பெட்டிக்கு ஒரு ஐடி, அதாவது அடையாளப் பெயர், கொடுத்திருந்தேன். பட்டனை அமுக்கினால் அந்த ஐடியைத் தேடிப் போய்த்தான் எண்ணை எடுக்கும். அந்த ஐடியும் மாறாமல் எல்லா வரியிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒரு தடவைதான் வரலாம். பல தடவை வந்தால் பிரவுசர் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளும், மற்றவற்றைத் திரும்பிப் பார்க்காது. எந்த வரியில் அமுக்கினாலும் முதல் வரியில் இருப்பவர்தான் கிடைத்தவர். அவர் விலகினால் அடுத்தவர் முதல் வரிக்கு வருவார். எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் சோதித்தது ஒரே ஒரு பெயரை வைத்து. ஒரு வரிதான் இருந்தது, அதுவே முதல் வரி.

திருத்துவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஐடியோடு அவரவர் பதிவு எண்ணைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம் வந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற விஷயம்.

திருத்திவிட்டு, தவறாக விலகிய மூன்று பேரையும் திரும்பப் பட்டியலில் சேர்த்தேன். இரண்டு வீட்டுக்குப் போன் செய்தேன். அந்த இரண்டு பேரும் தாங்களாகவே வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். குறுஞ்செய்தி வந்ததே, அதான் பார்த்துவிட்டோமே என்றார்கள். படகுக்காரர்களுக்குச் சொன்னேன். முந்தின நாள் காலையிலிருந்து மாசானமுத்துவை அவர்கள் தேடவில்லை.

"அந்த அம்மாகிட்ட நான் சொல்லிடவா மேடம்?" என்றார் கதிரேசன். வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். பாதித் தூரம் பஸ், பிறகு சாலை இல்லை, ஒரு ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்: அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சுடலைவடிவு பள்ளி வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு துணிப்பை. கதிரேசன் என்னைக் காட்டியதும் எழுந்துவிட்டார்.

"ஆபீஸ்ல இருந்து வாரியளாம்மா? எங்க வச்சிருக்காவ அவியள? ஆஸ்பத்திரியிலயா?"

"உக்காருங்க அக்கா."

"சும்மா சொல்லுங்க."

"அந்த மெசேஜ் உங்களுக்கு வர வேண்டியது இல்ல அக்கா. தப்பா வந்துட்டு. நான் செஞ்ச வேலையில உள்ள தப்பு. அண்ணன் இன்னும் கிடைக்கல. தேடிக்கிட்டு இருக்காங்க."

அவர் போனை எடுத்துச் செய்தியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பேரு போட்டிருக்கே. மாசானமுத்துன்னு போட்டிருக்கே."

"பேரும் தப்பாதான் வந்துச்சு."

"எங்க அக்காவுக்குச் சொல்லிட்டேன். எம் மவளுக்குச் சொல்லிட்டேன். பிள்ளை அங்க ஹாஸ்டல்ல இருந்து சிரிச்சிக்கிட்டே போன வச்சா." அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்பம் கெடச்சது யாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரில் யாரோ ஒருவர் என்றும் சொல்லியிருக்கலாம்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க இருக்காவ?"

"இங்கதான். பின்னால, சமையல் பண்ற இடத்துல."

"பாத்துட்டியா?"

"இல்ல. இப்பதான் வந்தேன்."

"நேரா எங்கிட்டயா வந்த?"

தலையசைத்தேன். அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "போ. போய்ப் பாரு. எனக்கு இப்பம் யாரும் பக்கத்துல வேண்டாம்."

பள்ளியின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டிய இடத்தில் ஜெபசிங் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். இடது கையில் துணிக்கட்டு, ஒரு கையால்தான் பிசைகிறார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "ரோடு இருக்கா?" என்றார்.

"பாதி இருக்கு."

"போன் தண்ணியில போயிட்டு. உன் நம்பர் மட்டும்தான் மனப்பாடமாத் தெரியும். ஒரு போலீஸ்காரர்கிட்ட போன் வாங்கி நேத்து காலையில ரெண்டு தடவை போட்டேன். பிஸி பிஸின்னே வந்தது. யார்கிட்ட அவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்த?"

கை என்ன ஆனது என்று கேட்டேன்.

"மாவு மூட்டைய ஏத்தலாம்னு கீழ எறங்குனேன். ஷட்டர தள்ளிக்கிட்டு தண்ணி வந்துட்டு. ஜன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு விடியிற வரைக்கும் நின்னேன். கம்பி அறுத்துட்டு."

அவர் மாடியில் இல்லை. நான்தான் அவரை மாடியிலேயே வைத்திருந்தேன்.

கை கழுவிவிட்டு வந்து மாவை உருண்டை பிடித்துக் கொடுத்தேன். அவர் ஒரு கையால் தேய்த்தார். அத்தைக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் பேசி முடித்ததும் சுடலைவடிவு பற்றி அவரிடம் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "நான் போய் அவங்களப் பாக்கவா?" என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன்.

நவம்பர் 25, சனி

ஊருக்குத் திரும்பவில்லை. இங்கேயே போன் வேலை நிறைய இருக்கிறது. தானாகப் போகும் குறுஞ்செய்தியை எடுத்துவிட்டேன். இனி ஒவ்வொரு வீட்டுக்கும் நான் பேசித்தான் சொல்வது, முகாமில் ஆளைக் கண்ணால் பார்த்த பிறகு. காலேஜ் பெண்ணின் வீட்டுக்கு வியாழக்கிழமையே சொல்லிவிட்டேன், தெய்வானை பாட்டியின் பேரனுக்கு இன்றுதான் லைன் கிடைத்தது; சொன்னபோது அவன் போனை வைக்காமல் அப்படியே அழுதான். முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுடலைவடிவு வீட்டுக்குப் போகவில்லை. பெண்கள் படுக்கும் வகுப்பறையில் எனக்கு அடுத்த பாயில்தான் படுக்கிறார். பேசுவதில்லை. இன்று காலை நான் எழுந்தபோது என் மேல் அவருடைய போர்வை கிடந்தது.

நவம்பர் 26, ஞாயிறு

படகு போய்விட்டு வந்தது. ஒன்றுமில்லை. நாளை வாழைத்தோப்புப் பக்கம் போகிறார்கள்.

நவம்பர் 27, திங்கள்

மாசானமுத்து கிடைத்தார்.

கீழக்காலங்கரைக்குத் தெற்கே, வாழைத்தோப்பின் கம்பி வேலியில். தண்ணீர் வடிந்த பிறகுதான் அங்கே போக முடிந்திருக்கிறது. ட்ராக்டரைப் பத்திரமாக மேட்டில் ஏற்றிவிட்டு, மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போயிருக்கிறார். மாடு பிழைத்திருக்கிறது. போலீஸ்காரர், "மொத நாள் ராத்திரியே முடிஞ்சிருக்கும்மா, பாத்தாலே தெரியுது" என்றார். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இளகியது. அப்படி இளகியதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சுடலைவடிவிடம் சொல்ல நானும் கதிரேசனும் போனோம். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நெசமாத்தானா?" என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

"ஆமா அக்கா. இது நெசம்."

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ஜெபசிங்கும் வந்து வெளியே நின்றார். சாயங்காலம் கதிரேசன் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இவருக்கு என்ன மேடம் போடணும்?" என்றார். அந்தப் பச்சை பட்டனை அமுக்க எனக்குக் கை வரவில்லை. 'குடும்பத்தாரிடம் நேரில் சொல்லப்பட்டது' என்று புதிதாக ஒரு நிலையை எழுதி, அவர் வரிக்கு மட்டும் அதைப் போட்டேன். போட்ட பிறகு மற்ற வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

டிசம்பர் 2, சனி

பேக்கரி தரையிலிருந்து சேறு வாரினோம். அடுப்பு பிழைக்கும் என்கிறார் மெக்கானிக். ஜெபசிங்குக்குக் கைக்கட்டு மாற்ற வேண்டும். இங்கே கரண்ட் வரும்வரை கூட இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன். அவரால் ஒரு கையை வைத்துக்கொண்டு எல்லாம் செய்ய முடியாது.

டிசம்பர் 7, வியாழன்

கரண்ட் வந்துவிட்டது. மாடி அறையில் ஜன்னல் பக்கம் மேஜை போட்டு, அலுவலக வேலையைத் தொடங்கினேன். இணையம் பாளையங்கோட்டையை விட ஒன்றும் மோசமில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

சுடலைவடிவுக்குப் போன் செய்து, வரலாமா என்று கேட்டேன். "வாங்க, வீடு கெடக்குற கெடப்புக்கு கை வேணும்" என்றார். நானும் ஜெபசிங்கும் போனோம். பிரெட் கொண்டுபோனோம், அடுப்பு சரியான பிறகு போட்ட முதல் பிரெட்.

கீழக்காலங்கரையில் அவருடைய வீடு சின்னது, இரண்டு அறை. சுவரில் ஜன்னல் உயரத்துக்குச் சேற்றின் கோடு. ஹாஸ்டலில் இருக்கும் மகள் வந்திருந்தாள். உள்ளே அம்மாவின் சேலைகளை அலசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து வாங்க என்றாளே தவிர அதற்கு மேல் பேசவில்லை.

மத்தியானம் வரை மண்வெட்டியால் சேற்றை வெட்டி வெளியே தள்ளினோம். சுடலைவடிவு எங்களுக்குப் பால் விடாமல் கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தார். டம்ளரை ஜெபசிங்கிடம் நீட்டும்போது அவர் முகத்தையே பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"ஆமா அக்கா" என்றார் ஜெபசிங்.

"ஒரு பகலும் ஒரு ராவும் ஒங்க உசுர எங்க வீட்டு உசுருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இந்த மழை பிடிச்சதுல இருந்து அன்னைக்கு ஒரு நாள்தான் நான் கண்ண மூடித் தூங்குனேன்."

ஜெபசிங் டம்ளரைப் பிடித்தபடி நின்றார்.

"காப்பிய குடிச்சிட்டு வாங்க" என்றார் சுடலைவடிவு. "இந்தக் கட்டில வெளிய எடுக்கணும். ஒத்தக் கையின்னா பரவாயில்ல, தல மாட்டுல பிடிங்க, அங்கதான் கனம் இருக்காது."

நனைந்து ஊறிய மரக்கட்டில் நினைத்ததை விடக் கனமாக இருந்தது. வாசல் குறுகல், சாய்த்துச் சாய்த்துத்தான் எடுக்க முடிந்தது. உள்ளே இருந்து மகள் ஈரக் கையோடு வந்து நான்காவது காலைப் பிடித்தாள். நாலு பேருமாக அதை வெயிலில் கொண்டுபோய் வைத்தோம்.